அமெரிக்காவில் சின்சினாட்டிக்கு மூன்று நாள் வேலையாகப் போகிறேன். காலைச் சாப்பாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் போகும் பழைய கடைகள் எவை?

அந்த ஊரில் ஆறு வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹோட்டல் பஃபேயை ஒருநாளாவது விட்டுவிட்டு கெட்டா சாப்பிடுங்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கெட்டுப்போனது எதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஜெர்மானியர்களின் பண்டம். பன்றிக்கறியோடு (சில இடங்களில் மாட்டுக்கறியும் சேரும்) ஓட்ஸ் நொய்யைப் போட்டு மணிக்கணக்கில் களி போலக் கிண்டி, ஆறவைத்து, கட்டியானதும் வில்லை போட்டுப் பொரிப்பார்கள். கொஞ்சக் கறியைப் பெரிய குடும்பத்துக்குக் காணவைக்கும் தந்திரம். நம் வீட்டில் கறிக்குழம்பில் உருளைக்கிழங்கு ஏறுவதில்லையா, அப்படித்தான்.

பொரிப்பதற்கு முன் பார்த்தால் சாம்பல் நிறத்தில், சிமென்ட் மாதிரி இருக்கும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே நல்ல முறுகலாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவசரக்காரர்கள் சீக்கிரம் திருப்பிப் போட்டுக் குழைத்துவிடுகிறார்கள். ஓரம் கருகும் பதத்துக்கு வந்தால்தான் ருசி. என்னைப் பார்க்க வந்த அப்பா முதல் நாள் தொடவே மாட்டேன் என்றார். மூன்றாம் நாள் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம், "ஒண்ணுமில்ல, கறி போட்ட அடை" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

கெட்டாவுக்கு நான் போவது ஃபிண்ட்லே மார்க்கெட். 1855-இல் திறந்த சந்தை. ஓஹாயோ மாநிலத்தில் இன்றுவரை விடாமல் நடந்துவருபவற்றில் அதுதான் மூத்தது. உள்ளே எக்கர்லின் என்ற பழைய கறிக்கடை சொந்தமாகவே கெட்டா செய்கிறது. அந்தப் பேட்டைக்கு ஓவர்-த-ரைன் என்று பெயர். அங்கே ஒரு கால்வாய் ஓடியது, ஜெர்மானியர்கள் அதை ரைன் நதி என்று செல்லமாக அழைத்தார்கள். இப்போது கால்வாய் இல்லை, அதன் மேல் சென்ட்ரல் பார்க்வே சாலை.

கறி வேண்டாம் என்றால் ரீடிங் ரோட்டில் ஷுகர் அண்ட் ஸ்பைஸ். 1941-லிருந்து இருக்கிறது. நம் தோசையோடு ஒப்பிடக்கூடாது என்றாலும், மெல்லிசான பேன்கேக் அங்கேதான். ஹைட் பார்க்கில் எக்கோ என்ற கடையும் 1940-களைச் சேர்ந்ததுதான். பக்கத்தில் தங்கினால் போகலாம், அதற்காகவென்று கார் எடுக்க வேண்டாம்.

அடுத்து சில்லி என்ற கறிப் பண்டம். காரத்தை எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள். மாசிடோனியாவிலிருந்து வந்த கிராட்ஜீஃப் சகோதரர்கள் 1922-இல் எம்ப்ரெஸ் என்ற கடையில் தொடங்கிவைத்த வகை இது. கொத்துக்கறிச் சாற்றில் பட்டை வாசம் தூக்கும். அதை ஸ்பகெட்டி மேல் ஊற்றி, துருவிய செடார் சீஸைக் குன்று போலக் குவித்தால் 'த்ரீ வே'. வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் ஃபோர், இரண்டும் சேர்ந்தால் ஃபைவ். ஸ்பகெட்டியை முள்கரண்டியில் சுற்றினால் வெளியூர் என்று தெரிந்துவிடும். கேக் வெட்டுவது போல வெட்டித்தான் சாப்பிட வேண்டும். ஊரெங்கும் கண்ணில் படும் ஸ்கைலைன் சில்லிக் கடை 1949-இல் ஒரு கிரேக்கர் ஆரம்பித்தது. அங்கே கறிக்குப் பதில் கறுப்பு பீன்ஸும் சோறும் கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு கடைதான் முடியும் என்றால் 1940-இல் தொடங்கிய கேம்ப் வாஷிங்டன் சில்லிக்குப் போங்கள். அமெரிக்கச் சாப்பாட்டு உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை 2000-இல் வாங்கிய கடை. முட்டையும் கெட்டாவும் அங்கேயே கிடைப்பதால் நான் காலையில் கெட்டாவை முடித்துவிட்டு, கூச்சப்படாமல் ஒரு த்ரீ வேயும் சொல்வேன்.

கேம்ப் வாஷிங்டனுக்கு ஞாயிறு விடுமுறை, ஃபிண்ட்லே மார்க்கெட்டுக்குத் திங்கள். உங்கள் மூன்று நாளை அதற்கேற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.