சோலார் பூட்ட யாரை நம்புவது?

கேள்வி: வணக்கம் ஐயா. மாங்குளத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. மாதம் 260 அலகு வரை கரண்ட் முடிகிறது. சோலார் பூட்ட இரண்டு இடத்தில் விலை கேட்டேன். கொழும்புக் கொம்பனி ஒன்று 5 கிலோவாட்டுக்கு 8 இலட்சம் சொல்லி, 60 வீதம் முற்பணம் கேட்கிறது. இந்தக் கிழமைக்குள் கட்டினால் கழிவும் உண்டாம். கிளிநொச்சியில் உள்ளவர் 9 இலட்சம் என்கிறார். வங்கிக் கடனில்தான் செய்ய வேண்டும். யாரிடம் கொடுக்கலாம்? – ஓர் ஆசிரியை

பதில்: அந்த முற்பணத்தை இப்போது கட்டாதீர்கள், சகோதரி. உங்கள் பகுதி ட்ரான்ஸ்போமர் மேலும் ஒரு சோலார் இணைப்பைத் தாங்குமா என்று பார்த்துத்தான் மின்சார சபை அனுமதி தரும். அது கிடைக்காவிட்டால் காசு அவர்களிடம் முடங்கும், வட்டி உங்கள் தலையில் ஏறும். அனுமதி வந்ததும் ஒரு சிறு தொகை, பனல் வீட்டு வாசலில் இறங்கியதும் பெரும்பகுதி, மீற்றர் மாற்றி ஓடத் தொடங்கிய பிறகு கடைசி 10 வீதம். இதற்குச் சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள். கழிவுக்கு அவசரப்படுத்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது, உங்களுக்கு 5 கிலோவாட் எதற்கு? நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் மாதம் 100 முதல் 120 அலகு தரும். கார்த்திகை, மார்கழியில் குறையும். உங்கள் பாவனைக்கு 3 கிலோவாட் தாராளம். மிச்சத்தை விற்றுக் கடன் கட்டலாம் என்பார்கள். புதிதாகச் சேருவோருக்கு மின்சார சபை கொடுக்கும் விலை 2025இல் குறைந்துவிட்டது. பழைய விலையில் போட்ட கணக்கைக் காட்டுகிறார்களா என்று கவனியுங்கள்.

இனி ஆளைத் தெரிவது. அரசின் நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். ஆனால் பதிவு மட்டும் போதாது. மூன்று வருடத்துக்கு முன் அவர் பூட்டிய இரண்டு வீடுகளுக்கு நேரே போய், இன்வேட்டர் (பனல் தரும் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) நின்றபோது எத்தனை நாளில் ஆள் வந்தது என்று கேளுங்கள். நான் இதைத்தான் பெரிதாகப் பார்ப்பேன். பனலுக்கு 25 வருடம் என்பார்கள். அது பெரும்பாலும் உற்பத்தித் திறனுக்கான உத்தரவாதம். முதலில் பழுதாவது இன்வேட்டர், அதன் வாறண்டி பொதுவாக 5 முதல் 10 வருடம். கிளிநொச்சிக்காரரின் வாடிக்கையாளர்கள் நல்லதாகச் சொன்னால், அந்த ஒரு இலட்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. 3 கிலோவாட்டுக்கு அவரிடமே திரும்ப விலை கேளுங்கள், இன்னும் குறையும்.

விலைமனுவில் பனல், இன்வேட்டரின் மொடல், இடி மின்னலுக்கான பாதுகாப்புக் கருவி, தனி ஏர்த் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று: பற்றரி இல்லாத சாதாரண சோலார், லைன் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். அதை மறைத்து விற்பவரிடம் போகாதீர்கள். உங்களுடையது ஓட்டு வீடு என்பதால், பூட்டும்போது ஓடு உடைந்து மாரியில் ஒழுகினால் அவரே திருத்தித் தருவார் என்பதையும் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.