தோற்ற பந்தயத்துக்காகவே நீங்கள் கொண்டாடும் பந்தயக் குதிரை எது?

ஜென்யாட்டா. அமெரிக்காவில் ஓடிய பெண் குதிரை. இருபது பந்தயங்களில் ஓடி பத்தொன்பதில் வென்றாள். தோற்றது ஒன்றே ஒன்று, அதுவும் கடைசிப் பந்தயம். (அவளை 'அது' என்று எழுத எனக்கு மனம் வராது.)

2004இல் கென்டக்கியில் பிறந்தவள். ஒரு வயதுக் குட்டியாக ஏலத்துக்கு வந்தபோது 60,000 டாலருக்கு விலைபோனாள். உயர்ரகக் குதிரைகள் பல லட்சங்களுக்குப் போகும் சந்தையில் அது சொற்பத் தொகை. வாங்கியவர்கள் ஜெர்ரி மாஸ், ஆன் மாஸ் தம்பதியர். உடம்பு பெரிது, வளர்ச்சி மெதுவானது. பயிற்சியாளர் ஜான் ஷிரெஃப்ஸ் அவசரப்படாமல் காத்திருந்தார். மூன்று வயது முடியும் தறுவாயில், 2007 நவம்பரில், ஹாலிவுட் பார்க் மைதானத்தில்தான் முதன்முதலாக ஓடவிட்டார். அந்த மைதானம் இன்று இல்லை.

பந்தயத்துக்கு முன் அவள் நடந்து வருவதைப் பார்க்க வேண்டும். முன்காலை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி நீட்டி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு மண்ணில் ஊன்றுவாள். அடுத்த காலும் அப்படியே. நடனம் என்றே எல்லோரும் சொன்னார்கள். கதவு திறந்ததும் கதை மாறிவிடும். கடைசியாகப் போவாள். ஜாக்கி மைக் ஸ்மித் அவளை விரட்டமாட்டார். கடைசி வளைவில்தான் அந்த நீண்ட கால்கள் விரியத் தொடங்கும்.

2009இல் கலிஃபோர்னியாவின் சான்டா அனிட்டா மைதானத்தில், அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்றான பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் ஆண் குதிரைகளை எதிர்த்து இறங்கினாள். 1984இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் அதுவரை எந்தப் பெண் குதிரையும் வென்றதில்லை. வழக்கம்போல் பின்தங்கியே போய், நேர்ப்பாதையில் வெளிப்பக்கம் வந்து, ஒரு குதிரை நீளத்தில் ஜியோ பாண்டியை முந்தினாள். ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த குதிரை விருது ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா என்ற இன்னொரு பெண் குதிரைக்குப் போனது. ஜென்யாட்டாவின் வெற்றிகளில் பெரும்பாலானவை கலிஃபோர்னியாவின் செயற்கைத் தடங்களில் (வெறும் மண்ணுக்குப் பதில் செயற்கைக் கலவை பரப்பியவை) கிடைத்தவை என்ற குறை அவளை விடாமல் துரத்தியது. ஆர்கன்சாவின் மண் தடத்தில் அவள் ஏற்கெனவே வென்றிருந்ததை ஏனோ பலர் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆற்றாமைதான்.

2010 நவம்பர் 6. மறுபடியும் பிரீடர்ஸ் கப் கிளாசிக், அவளுடைய கடைசிப் பந்தயம். லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம், மண் தடம், விளக்கு வெளிச்சம். பார்வையாளர் மாடத்தை முதல்முறை கடக்கும்போதே மற்ற குதிரைகளிலிருந்து துண்டித்துக்கொண்டதுபோல் வெகுதூரம் பின்னால் கிடந்தாள். முகத்தில் மண் அறைந்திருக்கும். அதைப் பார்த்த எவரும் அவளை மறந்துவிட்டு முன்னால் போகிறவர்களைத்தான் கவனித்திருப்பார்கள். கடைசி வளைவில் வழி அடைபட்டது. வெளிப்பக்கம் திரும்பிய பிறகு ஓடினாளே, அதுதான் நான் சொல்ல வந்தது. ஒவ்வொரு தாவலிலும் இடைவெளி சுருங்கியது. உள்பக்கம் பிளேம் என்ற ஆண் குதிரை கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. கோட்டைத் தொட்டபோது பிளேமின் தலை மட்டும் முன்னால் இருந்தது.

பந்தயம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன்னிலையில் மைக் ஸ்மித் அழுதார். குற்றம் தன்னுடையது, குதிரையுடையது அல்ல என்றார். அவ்வளவு தூரம் பின்னாலிருந்து, பழக்கமில்லாத மைதானத்தில், அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆண் குதிரைகளில் ஒன்றை ஒரு தலை தூரம்வரை நெருங்கிய ஓட்டத்தை, பத்தொன்பது வெற்றிகளில் எதற்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். 2010இன் சிறந்த குதிரை விருதும் பிளேமுக்கு அல்ல, அவளுக்கே கிடைத்தது.

காணொளியைப் பார்ப்பதாக இருந்தால் 2009ஐ முதலில் பாருங்கள், பிறகு 2010. இரண்டிலும் முன்னால் போகும் குதிரையை விட்டுவிட்டு, திரையின் கடைசி ஓரத்தில் கண்ணை வையுங்கள்.