அப்பாவுக்கு 54-ல் பைபாஸ், எனக்கு 36-ல் சுகர் எல்லைக்கோடு: தனி மருத்துவக் காப்பீடு இப்போதே வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. சென்னையில் ஐ.டி. வேலை, கைக்கு வரும் சம்பளம் மாதம் ₹1.10 லட்சம். மனைவிக்கு 33, மகளுக்கு 5. கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்கு 66. 54 வயதில் பைபாஸ் செய்துகொண்டவர். ஆபீஸ் குரூப் பாலிசியில் பெற்றோரையும் சேர்த்து ஐந்து பேருக்கும் ₹5 லட்சம் கவரேஜ். வீட்டுக்கடன் பாக்கி ₹32 லட்சம், இ.எம்.ஐ. ₹38,000. வீட்டுச் செலவு சுமார் ₹50,000. ஓய்வுக்காலத்துக்காக எஸ்.ஐ.பி. ₹15,000 போகிறது. போன மாதப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 6.0. எடை 68 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்பு 94 செ.மீ. "மாத்திரை வேண்டாம், எடையைக் குறைங்க" என்றார் டாக்டர். லண்டனில் இருக்கும் அக்காவோ, "தெற்காசியர்களுக்கு இங்கே அளவுகோலே வேறு, உனக்கு ரிஸ்க் அதிகம்" என்கிறாள். நான் தனியாக பாலிசி எடுக்க வேண்டுமா? எடுத்தால் இந்த 6.0-ஐ எழுத வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்வது சரியா? குறிப்பிட்ட பெரிய நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தரும் கிரிட்டிகல் இல்னஸ் பாலிசியும் தேவையா?

பதில்: பாலிசி எடுங்கள், இந்த மாதமே. 6.0-ஐயும் எழுதுங்கள். கிரிட்டிகல் இல்னஸ் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறது.

உங்கள் அக்கா சொல்வது உண்மை. சர்க்கரை வரும் ஆபத்து இருக்கிறதா என்று பிரிட்டனில் பொதுவாக 40 வயதிலிருந்து பார்ப்பார்கள். தெற்காசியர், கறுப்பினத்தவர், சீனர் என்றால் 25-லிருந்தே பார்க்கச் சொல்கிறது அங்குள்ள வழிகாட்டுதல். ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 23-லேயே கவனம் தேவை என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் சொல்லிவிட்டது. உங்கள் பிஎம்ஐ 24.1. ஐரோப்பியரின் 25 என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் நீங்கள் 'நார்மல்', நம் கோட்டை வைத்தால் இல்லை. இடுப்புக்கும் அப்படித்தான்: தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை. அமெரிக்காவின் 2018 கொழுப்பு வழிகாட்டுதல், தெற்காசிய வம்சாவளியையே இதய ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

காரணம் முழுவதும் ரத்தத்தில் எழுதப்பட்டதல்ல. உணவு, உட்கார்ந்தே செய்யும் வேலை, நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது எல்லாமே சேர்கின்றன. ஆனால் உடல்வாகுக்கும் பங்கு உண்டு. புனேயின் டாக்டர் யாக்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் உடம்பையே அளந்து மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1%, யாக்னிக்குக்கு 21.2%. எடை மெஷின் காட்டாத அந்தக் கொழுப்பு நம்மவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றிலும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் உங்கள் எடையை விட அந்த 94 செ.மீ. என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

இதைப் பணக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது தெற்காசிய நாடுகளில் 53, மற்ற நாடுகளில் 58.8. ஏறத்தாழ ஆறு வருட வித்தியாசம். உங்களுக்கு 53 ஆகும்போது மகளுக்கு 22. கல்லூரிச் செலவு முடிந்தும் முடியாத நேரம், சம்பளம் நின்றால் வீடு தாங்காத நேரம். 'பெரிய மருத்துவச் செலவு ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகுதான்' என்று வைத்துப் போடும் வழக்கமான திட்டம் நம் குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை. உங்கள் அப்பாவுக்கே 54-ல் வந்துவிட்டதே.

இன்னொரு எண்ணும் முக்கியம். சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றே ஆண்டுகளில் 55% பேருக்கு சர்க்கரை வந்துவிட்டது. ஆண்டுக்கு 18% என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரியான அமெரிக்க ஆய்வில் அது ஆண்டுக்கு சுமார் 11%. சென்னையில் நடை, உணவு மாற்றம் ஆகியவற்றை விடாமல் பின்தொடர்ந்து சொல்லிக்கொடுத்த குழுவில் 55% என்பது 39.3% ஆகக் குறைந்தது. அவர்களைச் சேர்த்தது குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த பரிசோதனையை வைத்து. அதனால் உங்கள் 6.0-க்கு அந்தச் சதவீதத்தை அப்படியே ஒட்டக்கூடாது. நோய் நகரும் வேகத்தைப் புரிந்துகொள்ள அது போதும்.

அந்த மூன்று ஆண்டு கணக்குதான் காப்பீட்டிலும் வருகிறது. 2024 ஏப்ரல் முதல், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். அதற்கு முன் 48 ஆக இருந்தது. இன்றைக்கு 6.0 என்று எழுதி பாலிசி வாங்கினால், 36 மாதம் முடிந்ததும் அது தொடர்பான சிகிச்சைக்கும் கவரேஜ் வந்துவிடும். சர்க்கரை நோய்க்கான கோடான 6.5-ஐத் தொட்டு மாத்திரை தொடங்கிய பிறகு போனால், பிரீமியத்தில் லோடிங் (கூடுதல் கட்டணம்) போடுவார்கள், சில நிறுவனங்கள் மறுத்தும் விடும். ஒருமுறை மறுக்கப்பட்டால் அடுத்த நிறுவனத்தின் படிவத்தில் அதையும் சொல்லியாக வேண்டும். குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் இருக்கும், ஹெச்.ஆர். தரும் பாலிசி விவரத்தில் அந்த வரியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்படி இருந்தால் இந்த 36 மாதத்துக்குப் பாலம் அந்த குரூப் பாலிசிதான். அதுவரை வேலை மாறினால், புதிய இடத்து கவரேஜ் சேரும் நாளிலேயே தொடங்குகிறதா என்று கேட்டுக்கொண்டு ரிசைன் செய்யுங்கள்.

ஏஜென்ட் சொல்வது ஏன் தவறு? முதலில், பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் ஆலோசனை சொல்லியிருந்தாலே அது 'முன்பே இருந்த நோய்' வரையறைக்குள் வந்துவிடும். "எடையைக் குறைங்க" என்பதும் ஆலோசனைதான். அடுத்து, மறைத்தது எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். இரவு 2 மணிக்கு நெஞ்சு வலியோடு எமர்ஜென்சிக்குப் போகிறீர்கள். டியூட்டி டாக்டர் கேட்கிறார், "சுகர், பிபி இருக்கா?" பதற்றத்தில் மனைவி, "நாலு வருஷமா பார்டர்ல இருக்கு சார்" என்கிறார். கேஸ் ஷீட்டில் 'நான்கு ஆண்டுகளாக சர்க்கரை' என்று ஒரு வரி விழுகிறது. கேஷ்லெஸ் கேட்டு அனுப்பும் காகிதத்தோடு அந்த வரியும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. 'பாலிசி எடுத்தபோது இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால் தகவல் மறைத்ததைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்ற விதி உண்டு. மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே 'இல்லை' என்று எழுதுவதை அந்த விதி காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள். கமிஷன் ஏஜென்ட்டுக்கு இன்றைக்குக் கிடைத்துவிடும். க்ளெய்ம் அன்றைக்கு ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நிற்கப்போவது உங்கள் மனைவி.

எவ்வளவு எடுப்பது? உங்கள் மூவருக்கும் ₹10 லட்சம் ஃப்ளோட்டர் (ஒரே தொகையை மூவரும் பகிரும் பாலிசி). அதன் மேல், ₹10 லட்சம் டிடக்டிபிளோடு (அந்தத் தொகைக்கு மேல் போகும் செலவுக்குத்தான் பணம் தரும்) ₹40 லட்சம் சூப்பர் டாப்-அப். வெறும் 'டாப்-அப்' வாங்கிவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக ₹10 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் ஓராண்டு பில்கள் சேர்ந்து தாண்டினால் போதும். இதய நோயில் ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று முறை அட்மிட் ஆவது சகஜம் என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள். காப்பீட்டுத் தொகையில் 1% வரம்பு என்றால் ₹5 லட்சத்துக்கு நாளொன்றுக்கு ₹5,000 அறை. நீங்கள் ₹10,000 அறையில் 5 நாள் தங்குகிறீர்கள். வாடகை ₹50,000, டாக்டர் கட்டணமும் ஆபரேஷன் தியேட்டரும் ₹2 லட்சம், ஸ்டென்ட்டும் மருந்தும் ₹1 லட்சம் என்று வையுங்கள். பாதி வாடகைக்குத்தான் தகுதி என்பதால் டாக்டர், தியேட்டர் கட்டணத்திலும் பாதியை வெட்டுவார்கள். ஸ்டென்ட், மருந்தில் அப்படி வெட்டக்கூடாது. ₹3.5 லட்சம் பில்லில் கிடைப்பது ₹2.25 லட்சம்; ₹1.25 லட்சம் உங்கள் கையிலிருந்து. அறையில் மிச்சம் பிடித்திருக்க வேண்டியது ₹25,000தான், போனது ஐந்து மடங்கு. உங்கள் குரூப் பாலிசியில் இந்த வரம்பு இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

பெற்றோரை உங்கள் ஃப்ளோட்டரில் சேர்க்காதீர்கள். மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். 65 வயது என்ற உச்சவரம்பு இப்போது இல்லை, எனவே தனி பாலிசி கேட்டுப் பார்க்கலாம். கோ-பேமென்ட் (பில்லில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு) 20%-க்கு மேல் என்றால் யோசியுங்கள்.

கிரிட்டிகல் இல்னஸைத் தள்ளிவைக்கச் சொன்னதற்குக் காரணம், உங்களுக்கு வரக்கூடிய ஆபத்துக்கு அது பெரும்பாலும் பணம் தராது. அதன் வரையறையில் மாரடைப்பு என்றால் ஈ.சி.ஜி. மாற்றமும் ரத்தத்தில் இதயத் தசை சிதைவின் அடையாளமும் இருக்க வேண்டும். மாரடைப்பு ஆகாமல் வரும் ஆஞ்சைனா நெஞ்சு வலி சேராது. பைபாஸ் பிரிவில் நெஞ்சைத் திறந்தோ சிறு துளை வழியாகவோ செய்யும் பைபாஸ் ஆபரேஷனுக்குத்தான் தொகை. ஸ்டென்ட் வைப்பதற்கு அதில் இடமில்லை. அடைப்பை முன்கூட்டியே கண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நல்லபடியாக வீடு திரும்பினால், பல பாலிசிகளில் கைக்கு ஒன்றும் வராது.

அந்தப் பணத்தை டேர்ம் பாலிசியில் (நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு) போடுங்கள். வீட்டுச் செலவு ஆண்டுக்கு ₹6 லட்சம், 20 ஆண்டுக்கு ₹1.2 கோடி (பணவீக்கமும் வட்டியும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று வைத்து). கடன் பாக்கி ₹32 லட்சத்தைச் சேர்த்தால் ₹1.5 கோடி, 60 வயது வரை. பெற்றோருக்கு 60-க்கு முன் இதய நோய் வந்ததா என்று படிவத்தில் கேட்டால் 'ஆம், அப்பா, 54' என்று எழுதுங்கள். ஆயுள் காப்பீட்டில் மூன்று ஆண்டு முடிந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. அந்த மூன்று ஆண்டுக்குள்ளும் குடும்பம் அலையக்கூடாது என்றால் உண்மையை எழுதுவதுதான் வழி.

செலவும் இ.எம்.ஐ.யும் எஸ்.ஐ.பி.யும் போக மாதம் ₹7,000 மிஞ்சுகிறது, ஆண்டுக்கு ₹84,000. ஃப்ளோட்டர், சூப்பர் டாப்-அப், டேர்ம் மூன்றும் இதற்குள் அடங்க வேண்டும். கூடினால் சூப்பர் டாப்-அப் தொகையைக் குறையுங்கள், ₹10 லட்சம் ஃப்ளோட்டரில் கை வைக்காதீர்கள். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, வரி சேர்த்து யாராவது கொட்டேஷன் தந்தால் திருப்பிக் கேளுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்காக உங்கள் குடும்பத்துக்கு ₹25,000 வரை, 60 தாண்டிய பெற்றோருக்கு ₹50,000 வரை கழிவு உண்டு. முன்தடுப்புப் பரிசோதனைக்கான ₹5,000-ம் இந்த வரம்புக்குள்தான். புதிய முறையில் இது கிடைக்காது.

எஸ்.ஐ.பி.யை 36 மாதத்துக்கு ₹11,000 ஆக்குங்கள். மீதி ₹4,000-ஐ ஆர்.டி.யில் போட்டால் ₹1.44 லட்சமும் வட்டியும் சேரும். காத்திருப்புக் காலத்தில் குரூப் பாலிசி கைவிட்டால் எடுக்க அது தனியாக இருக்கட்டும். அதிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை, ஈ.சி.ஜி.; வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற ரத்தக் கொழுப்பு வகைக்கான பரிசோதனை. இது பரம்பரையாக வருவது, தெற்காசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. அப்பாவுக்கு 54-ல் பைபாஸ் ஆகியிருப்பதால் அவசியம் பாருங்கள். பிஎம்ஐ 23-க்கு இறங்க உங்களுக்குத் தேவை வெறும் 3 கிலோ. இந்தப் பதிலிலேயே மலிவான முதலீடு அதுதான்.

பாலிசி கைக்கு வந்ததும் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, உடன் வரும் முன்மொழிவுப் படிவ நகலைத் திறங்கள். ஹெச்பிஏ1சி 6.0 என்றும், அப்பாவின் பைபாஸும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் தானே 'இல்லை' என்று டிக் செய்து அனுப்பியிருந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், பாலிசி கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.