டெல்டாக்காரர் எந்தக் கேனூ வாங்கலாம்? கேள்வி பதில்

நுரை பொங்கும் ஆற்றுப் பாய்ச்சலில் தனியாளாக மண்டியிட்டு, ஒற்றைத் துடுப்பில் ஆடும் திறந்த கேனூவைப் பற்றி நம் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள்.

திருவையாறு: அண்ணா, பழைய படகு ரெண்டு விலைக்கு வந்திருக்கு. ஒண்ணு 8 அடி, இன்னொண்ணு 10½ அடி. என் எடை 72 கிலோ. ஓட்டியதெல்லாம் காவிரியிலும் குடமுருட்டியிலும்தான். அலையில் விளையாட 8 அடிதானே சரி?

10½ அடியை எடுங்கள் தம்பி. குட்டைப் படகு சட்டென்று சுழலும், சின்ன அலையிலும் உட்காரும். ஆனால் வேகம் எடுக்காது. ஓட்டத்தைக் குறுக்கே வெட்டி, பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் தண்ணீருக்குள் நுழைய வேகம்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் படகு அந்தத் தண்ணீரின் வாசல்வரை போய், ஓட்டத்தோடு கீழே இழுபட்டுவிடும். நேராக ஓட்டக் கை பழகாதவருக்கு 8 அடிப் படகு குடமுருட்டியிலேயே ஒவ்வொரு வலிப்புக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

நீளத்தைவிட அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். சமதரையில் வைத்தால் முன்னும் பின்னும் எவ்வளவு தூக்கி நிற்கிறது? அதுதான் ராக்கர். கூடுதலாக இருந்தால் எளிதாகத் திரும்பும், நேராகப் போக அடம்பிடிக்கும். அடியும் பக்கமும் சேரும் விளிம்பு கூர்மையாக இருந்தால் அலையில் கத்தி மாதிரி பிடித்துச் செதுக்கலாம். ஆனால் ஓட்டம் வந்து மோதும் பக்கத்து விளிம்பு ஒரு கணம் தாழ்ந்தாலும் தண்ணீர் அதைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். முதல் படகுக்கு நடுவில் உருண்டை, முனைகளில் லேசான விளிம்பு போதும்.

கும்பகோணம்: ராயலெக்ஸ் படகு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா சார்?

நடுவில் நுரை வைத்து அடுக்கிய பிளாஸ்டிக் தகடுதான் ராயலெக்ஸ். 2014-உடன் அதன் உற்பத்தி நின்றுபோனது. எஸ்கிஃப் என்ற கேனூ நிறுவனம் அதற்கு மாற்றாக டி-ஃபார்மெக்ஸ் கொண்டுவந்தது. பழசை வாங்கும்போது அடியில் முழங்காலால் பல இடங்களில் அழுத்துங்கள். ஓரிடம் மட்டும் பொதபொதவென்று உள்வாங்கினால் நடு நுரை அடுக்கு உடைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். மேல்தோலில் கீறல் பரவாயில்லை. நுரை தெரிகிற அளவு தேய்ந்திருந்தால் ஒட்டுப்போட வேண்டும். நம் வெயிலில் கிடந்த தோல் சுண்ணாம்பாய்க் கையில் ஒட்டும், அதையும் தடவிப் பாருங்கள்.

பாலிஎதிலீன் படகு பாறையடியைத் தாங்கும், ஆனால் கனம். சூட்டில் அடி குழியும். நிழலில், வாய் விளிம்பு கீழே வரும்படி கவிழ்த்து வையுங்கள். டாடா ஏஸில் இறுக்கிக் கட்டி மதியம் முழுக்க நிறுத்தக் கூடாது.

மாயவரம்: பத்து நிமிஷத்துல கணுக்கால் மரத்துப்போகுது. படகு சரியில்லையா?

படகில் குறையில்லை, இருக்கை தாழ்வு. உட்காரும் ஃபோம் மேடையை ஒரு அங்குலம் உயர்த்திப் பாருங்கள். உயர்த்த உயர்த்த ஆட்டம் கூடும், அதனால் அதற்கு மேல் போகாதீர்கள். முழங்காலுக்குக் குழிந்த பேட், கால்விரல் ஊன்றக் கட்டை, தொடையில் பட்டை மூன்றும் வேண்டும். பட்டை ஒரே இழுப்பில் கழல வேண்டும். கரையில் படகோடு கவிழ்ந்து சோதித்துப் பாருங்கள்.

மேடையை உடனே ஒட்டிவிடாதீர்கள். அசையாத தண்ணீரில் உட்கார்ந்து, கரையில் ஒருவரைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். படகின் மூக்கு தாழ்ந்தால் இரண்டு மூன்று செ.மீ. பின்னுக்கு நகர்த்துங்கள். சமம் அல்லது பின்புறம் ஒரு துளி தாழ்வு, அதுதான் இடம். பாலிஎதிலீனில் சாதாரணப் பசை நிற்காது. உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, தீச்சுவாலையை வேகமாக ஒருமுறை ஓட்டியபின் இரண்டு பக்கமும் காண்டாக்ட் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்துங்கள். ஸ்பிரிட் முழுக்க உலர்ந்த பிறகே நெருப்பு, டப்பா தூரத்தில் இருக்கட்டும்.

மன்னார்குடி: காற்றுப்பை கட்டாயமா? அதுவும் விலைதான்.

கட்டாயம். பை அடைத்த இடத்தில் தண்ணீர் ஏறாது. பை இல்லாமல் படகில் 300 லிட்டர் தண்ணீர் ஏறினால் 300 கிலோ. அது பாறையில் மாட்டினால் நாலு பேர் இழுத்தும் வராது. முன்னும் பின்னும் பை நிறைத்து, மேலே கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பை மிதந்து வெளியே வந்துவிடும். கரை வெயிலில் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவையுங்கள், தண்ணீரில் இறங்கியதும் தொய்யும், அப்போது ஊதி நிரப்பலாம். ஏறிய தண்ணீரை இறைக்கும் மின் பம்பு வசதிதான், பைக்குப் பதில் ஆகாது.

திருச்சி: முக்கொம்பு, கல்லணை மதகடியில் நல்ல நுரை பொங்குதே அண்ணா. அங்கேயே பழகினால் குடகுக்கு ஏன் போகணும்?

வேண்டவே வேண்டாம். இயற்கைப் பாறைக் குழியில் ஓரத்திலாவது வெளியேறும் ஓட்டம் இருக்கும். மதகடியில் தண்ணீர் கரையிலிருந்து கரைவரை ஒரே சீராக விழுந்து, மேல்மட்டம் சுவரை நோக்கியே திரும்பி ஓடும். விழுந்தவரை இழுத்து, அமுக்கி, மறுபடி இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டும் சரியாகத் தூக்காது. போதாததற்குக் கீழே கான்கிரீட் கட்டைகள், எப்போது தூக்குவார்கள் என்று தெரியாத ஷட்டர்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு முதல் ஜனவரி 28 வரை, தண்ணீர் வருகிற ஆண்டுகளில், டெல்டாவில் பழக வேண்டியது சமநீர்ப் பாடம்: நேர்கோடு, எட்டு போடுதல், கை மாற்றாமல் மறுபக்கம் வலித்தல். ஆகாயத்தாமரையும் முறிந்த கிளையும் சேர்ந்த பாலத் தூணை விட்டு விலகியே ஓட்டுங்கள். தண்ணீர் ஊடே போய்விடும், ஆள் போக முடியாது. பாய்ச்சலுக்கு மழைக்காலத்தில் குடகின் பாராபோலே, கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரி, தெரிந்தவர் துணையோடு.

நாகை: துடுப்பு எத்தனை அங்குலம்?

பெரும்பாலோருக்கு 54 முதல் 58. மேடையில் உட்கார்ந்து அலகு முழுதும் தண்ணீரில் முங்கும்போது கைப்பிடி மூக்கருகே வந்தால் சரி. கைப்பிடி டி வடிவமாகவே இருக்கட்டும், உருண்டைப் பிடி நுரையில் வழுக்கும்.