பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? கேளுங்க

கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? அதை முதலில் எழுதுங்கள். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, வயர், செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டார்) பக்கம் பார்க்க வேண்டும். சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலோ டீசலோ வரவில்லை, அல்லது பிளக்கில் கரண்ட் இல்லை.

திருமங்கலம், கார்புரேட்டர் மாருதி 800: அண்ணே, சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.

தம்பி, இப்போதைக்குச் செல்ஃபில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி. பேட்டரி புதுசாகவே இருந்தாலும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாவிட்டால் இறங்கத்தான் செய்யும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

லைட் மங்காமல் எரிந்து, 'டக்' மட்டும் கேட்டால் எனக்கு முதல் சந்தேகம் எர்த் வயர் மேல்தான். பழைய வண்டியில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே போகிற அந்தப் பட்டை துருப்பிடித்திருக்கும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் மாட்டித் திருப்புங்கள். சுற்றினால் ஒரு வயரோடு செலவு முடிந்தது. அப்படியும் சுற்றாவிட்டால் செல்ஃபில் உள்ள சொலினாய்டையும் கார்பன் பிரஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றைத் தனியாகவே மாற்றலாம், முழு மோட்டார் தேவையில்லை.

மேலூர், பிரீமியர் பத்மினி: காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. மதியம் மாட்டுத்தாவணியில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அரை மணி கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஐயா, அக்னி நட்சத்திர நேரத்தில் இந்தப் புகார் எனக்கு நிறைய வரும். வண்டி மக்கர் பண்ணுகிற அந்த நேரத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, அதை வயரில் மாட்டி இன்ஜின் இரும்பில் தொட வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. நெருப்புப் பொறி வராவிட்டால், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயிலோ அதோடு சேர்ந்த கண்டென்சரோ சூட்டில் படுத்துவிடுகிறது. பொறி நீலமாக வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்பின் மேலும் பைப்பின் மேலும் ஈரத்துணி போட்டால் சூடு இறங்கி அடைப்பு விலகிவிடும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் கதை நேர் எதிர், இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகம். அப்போது சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி சுற்றுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள், இன்னும் ஊற்றும்.

உசிலம்பட்டி, அப்பாவின் டீசல் அம்பாசடர்: அண்ணா, டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. ஊற்றிய பிறகும் எடுக்கவில்லை.

டீசல் பைப்பில் ஏர் பிடித்திருக்கிறது தங்கச்சி. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடியுங்கள். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்குருவை இறுக்குங்கள். அப்புறம் பெரிய பம்பிலும் (இன்ஜெக்ஷன் பம்ப்) அதே மாதிரி. இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துகிற வேலை மட்டும் மெக்கானிக் செய்யட்டும். அங்கே டீசல் தோலைத் துளைக்கிற வேகத்தில் வரும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள்.

வில்லாபுரம், ஆம்னி: மழை பெய்த மறுநாள் மட்டும் பிடிப்பதில்லை.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பழங்காநத்தம்: அண்ணே, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

கார்புரேட்டர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் தாராளமாக. இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் பெட்ரோல் பம்பே ஓடாது, தள்ளுகிறவர்களுக்கு மூச்சுதான் வாங்கும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இருக்கும் என்பதால், பாலத்து இறக்கத்தில் மட்டும் இதை முயற்சி செய்யாதீர்கள்.