சிக்னல் இருக்கும்போது கேளுங்கள்

கேள்வி: கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும், விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லை, 11-க்கு மாறு என்கிறது. மாறப் போனால் இந்த மெஷினுக்குத் தகுதி இல்லை என்கிறது. போட்டோஷாப், பிரிண்டர் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா சார்?
(ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர், குன்னூர்)

பதில்: வேண்டாம். அந்தக் கடைக்காரர் சொன்னார் என்பதற்காக நிச்சயம் வேண்டாம்.

2015-ல் வந்த விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. உங்கள் மெஷின் அதனால் நின்றுபோகாது. ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் வழக்கம்போல அடைத்துத் தர மாட்டார்கள், நெட்டில் இருக்கிற வரைக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கிற சின்ன சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும். பாதுகாப்புக்காகக் கேட்கிறோம் என்பது முழுப் பொய் இல்லை. எனக்குக் கோபம் வேறு இடத்தில்: நன்றாக ஓடுகிற ஒரு பொருளைத் தகுதி இல்லாதது என்று அறிவிக்கிற அதிகாரம் காசு கொடுத்து வாங்கினவரிடம் இல்லை, விற்றவரிடம் இருக்கிறது. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட நமக்குத் தெரியாது.

முதலில், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற பயாஸ் செட்டிங்கில் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், சில மெஷின்களில் அது தூங்கிக்கொண்டிருக்கும். பிராசஸரே பழசு என்றால், போட்டோஷாப் மெஷினை நெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். படம் திருத்த, பிரிண்ட் எடுக்க நெட் எதற்கு? பாஸ்போர்ட் போட்டோ கேட்டு வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இறக்க ஒரு பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும். போட்டோஷாப் மட்டும் அதில் ஓடாது, அதனால்தான் இரண்டு மெஷின் யோசனை. வாடிக்கையாளரின் பென்டிரைவை எக்காரணம் கொண்டும் போட்டோஷாப் மெஷினில் நேராகச் செருகாதீர்கள், ஊரில் உள்ள எல்லா வைரஸும் ஸ்டுடியோ வழியாகத்தான் சுற்றுகிறது. பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஒரு வருட நீட்டிப்பு, 2026 அக்டோபர் வரை, மைக்ரோசாஃப்டே தருகிறது, ஆனால் அது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. கடை என்றால் கணக்கு வேறு.

ஊட்டிப் பக்கத்து முத்தோரை போயிருப்பீர்கள். அங்கே நிற்கிற ரேடியோ டெலஸ்கோப் 1970-லிருந்து வேலை செய்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை எவ்வளவோ அதே 11 டிகிரிக்குச் சரிந்திருக்கும் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டினார்கள். அந்தச் சரிவினால் அதன் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸைக் காலத்துக்கு ஏற்ப மாற்றினார்கள், இரும்பை யாரும் பழைய இரும்புக் கடைக்குப் போடவில்லை. புதுசு வாங்கச் சொன்னவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மழை நாளில் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாடிக்கையாளர் போய்விட்டது என்கிறார், என் சவுண்ட் பாக்ஸ் வாயே திறக்கவில்லை. யாரை நம்புவது?
(காய்கறிக் கடைக்காரர், கோத்தகிரி)

பதில்: உங்கள் வங்கிக் கணக்கை. இரண்டு கிலோ கேரட்டுக்கான காசு அவர் போனிலிருந்து அவர் வங்கிக்கு, அங்கிருந்து யுபிஐயை நடத்துகிற என்பிசிஐக்கு, அங்கிருந்து உங்கள் வங்கிக்கு என்று போய்வருகிறது. சவுண்ட் பாக்ஸுக்குத் தனியாக ஒரு சிம். ஆக, பணம் வந்த பிறகும் பெட்டி ஊமையாக இருக்கலாம், அதேபோல பச்சை டிக் காட்டுகிற படம் போலியாகவும் இருக்கலாம், அப்படிக் காட்டுவதற்கென்றே ஆப் செய்து வைத்திருக்கிறார்கள்.

நெட் இல்லாமல் பேச்சு சிக்னல் மட்டும் இருந்தால் *99# அடித்துப் பணம் அனுப்பலாம், மெதுவாக இருக்கும், நிறைய பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் கோளாறு எப்போதும் நம் மலையில்தான் என்று நினைக்காதீர்கள். 2025 மார்ச் 26, அப்புறம் ஏப்ரல் 12, இரண்டு நாளும் நாடு முழுக்கவே யுபிஐ தடுமாறியது. ரொக்கமே வாங்க மாட்டோம் என்று போர்டு மாட்டுகிற காபி கடைகள் இப்போது ஊட்டியில் முளைத்திருக்கின்றன. அன்றைக்கு அவர்கள் என்ன செய்தார்களோ. நீங்கள் கல்லாவில் சில்லறை வையுங்கள்.

கேள்வி: ஏஐ வாஷிங் மெஷின் வாங்கலாமா?
(இல்லத்தரசி, குன்னூர்)

பதில்: ஜூலை மாதத்தில் நம் ஊரில் துணியைக் காயவைக்கிற ஏஐ வந்தால் சொல்லுங்கள் அம்மா, வரிசையில் முதல் ஆள் நான்.

கேள்வி: என் அப்பா எச்.பி.எஃப்.பில் வேலை பார்த்தவர். டிஜிட்டல் கேமரா வந்து கம்பெனியே போனதைக் கண்ணால் பார்த்த குடும்பம் எங்களுடையது. இப்போது என் மகள் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. கோடு எழுதுகிற வேலையை ஏஐ எடுத்துக்கொள்ளும் என்று தினமும் செய்தி. தப்பான படிப்பில் சேர்த்துவிட்டேனோ?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஊட்டி)

பதில்: உங்கள் அப்பாவின் கதையை முதலில் நேராக்கிக்கொள்வோம், ஏனென்றால் பதில் அதிலேயே இருக்கிறது. 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1996-லேயே நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்த வருடம் ஊட்டி ஏரிக்கரையில் படம் எடுத்தவர்களில் யார் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? எல்லார் கையிலும் ஃபிலிம் ரோல்தான். உலகம் முழுக்க ஃபிலிம் விற்பனை இன்னும் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஜனங்கள் கலருக்குப் போய்விட்டார்கள், கம்பெனியின் 'இந்து' ஃபிலிம் பெயர் வாங்கியதோ கறுப்பு வெள்ளையில். அதற்கு மேல் கடன், கடனுக்கு வட்டி. டிஜிட்டல் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது வரும்போது ஏற்கனவே படுத்திருந்த ஆளைத்தான் பார்த்தது. இன்றைக்கும் கூடலூர் ரோட்டில் அந்த ஸ்டாப்பைத் தாண்டும்போது டிஜிட்டல் முழுங்கிய கம்பெனி என்று டூரிஸ்ட்டுக்கு விளக்குகிறார்கள். மேலே உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது.

கோடாக்கையும் பாருங்கள். 1975-ல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே அந்தக் கம்பெனி இன்ஜினீயர் ஸ்டீவன் சாஸன்தான். கையில் இருந்த பொருளை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாமல் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டார்கள்.

இதே கண்ணோடு இன்றைய செய்தியைப் படியுங்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போகிறோம் என்றது, மறுநாளே எல்லாத் தலைப்பிலும் ஏஐ. அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியோ இது ஏஐயால் வந்தது இல்லை, திறமைக்கும் வேலைக்கும் பொருந்தவில்லை என்று சொன்னார். அதையும் அப்படியே நம்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் ஆட்குறைப்புச் செய்தியில் ஏஐ என்ற சொல்லைப் பார்த்ததும் வயிறு கலங்குவதற்கு முன்னால், கம்பெனிக்கு ஆர்டர் எப்படி, லாபம் எப்படி என்று இரண்டு வரி தள்ளிப் படித்துவிடுங்கள்.

ஏஐ கோடு எழுதுவதும் விளம்பரத்தில் வருகிற மாதிரி இல்லை. அதே 2025 ஜூலையில் மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 புரோகிராமர்களைத் தாங்கள் பல வருடம் பழகிய புராஜெக்ட்டுகளிலேயே ஏஐ வைத்தும் வைக்காமலும் வேலை செய்யவைத்துப் பார்த்தது. ஏஐ வைத்திருந்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வேலை முடிந்த பிறகும் அவர்கள் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள்! சின்ன ஆய்வுதான், கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன, இதை வைத்து ஏஐ ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பத்துப் பேர் உட்கார்ந்து ஒரே மாதிரி ஃபார்ம் செய்துகொண்டிருந்த வேலை சுருங்கத்தான் போகிறது, முதல் வேலை கிடைப்பதும் முன்பைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அசைன்மென்ட்டை முதலில் தானே எழுதட்டும், அப்புறம் ஏஐயிடம் அதையே எழுதச் சொல்லி, அது எங்கே தப்பு செய்திருக்கிறது என்று தேடட்டும். தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இன்னும் பல வருடம் சம்பளம். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் என்று போரடிக்கிற பாடங்கள்தான் கை கொடுக்கும், மூன்று மாத ஏஐ சர்டிஃபிகேட் கோர்ஸ் இல்லை. அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டார்லிங்க் வந்துவிட்டால் எங்கள் ஊருக்கு விடிவு வரும் என்கிறார்கள். பூண்டு விலை தெரிந்துகொள்ளக்கூட மேட்டுக்கு ஏறிப் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கலாமா?
(விவசாயி, பூம்பாறை)

பதில்: செயற்கைக்கோள் வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்குக்கு மத்திய அரசு 2025 ஜூனில் உரிமம் கொடுத்தது. சங்கதி இதுதான்: பழைய செயற்கைக்கோள் இணையம் பூமத்திய ரேகைக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்கிற கோளை நம்பியது, ஹலோ சொன்னால் எதிரொலி வருவதற்குள் கொட்டாவி வரும். இவர்களுடையது சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்று மறைய அடுத்தது வரும், அதனால் தாமதம் குறைவு. தொழில்நுட்பம் உண்மையிலேயே நல்லது.

ஆனால் வீட்டு மேல் வைக்கிற தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். தைல மரமும் பைனும் சூழ்ந்த வீட்டில் விட்டு விட்டுத்தான் வரும். கரண்ட் வேண்டும், காற்று மழையில் உங்களுக்கு முதலில் போவதே அதுதான். 2025 ஜூலை 24-ஆம் தேதி அவர்களுடைய உள் மென்பொருள் கோளாறில் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் நின்றது, அன்றைக்குப் பூம்பாறையிலிருந்து யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பீர்கள்?

அதனால் தனி வீட்டுக்கு இல்லாமல் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், பஞ்சாயத்து ஆபீஸ் என்று ஊருக்கு ஒன்று இன்வர்ட்டரோடு வைத்தால் அதற்கு நான் கைதட்டுவேன். பூண்டு விலைக்குக் காத்திருக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி பிஎஸ்என்எல் நம் நாட்டிலேயே செய்த கருவிகளோடு 97,500-க்கும் மேற்பட்ட 4ஜி கோபுரங்களைத் தொடங்கிவைத்தது. உங்கள் பக்கத்துக் கோபுரம் அந்தக் கணக்கில் இருக்கிறதா, இருந்தும் பேட்டரி செத்துக் கிடக்கிறதா என்று ஊரோடு கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். மேலே பறக்கிறவரிடம் கேட்க முடியாததைக் கொடைக்கானல் ஆபீஸ் வாசலில் நின்று கேட்கலாம்.

கேள்வி: போனில் இடம் நிரம்பிவிட்டது, மாதம் பணம் கட்டு என்கிறது கூகுள். கட்டாவிட்டால் பேரக் குழந்தைகளின் படமெல்லாம் போய்விடுமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, கொடைக்கானல்)

பதில்: உடனே போகாது டீச்சர். மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து இலவசம் 15 ஜிபி, 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும் அதில் கணக்கு. நிரம்பினால் புதிதாக ஏறாது, மெயிலும் வராது. கட்டுங்கள், தப்பில்லை, ஆனால் அது மட்டுமே காப்பு என்று இருக்காதீர்கள். இரண்டு வெளி ஹார்டுடிஸ்க் வாங்கி இரண்டிலும் ஒரே படங்களை ஏற்றி, ஒன்றை மதுரையில் இருக்கும் மகன் வீட்டில் வையுங்கள், உங்களிடம் இருப்பதைச் சிலிக்கா பையோடு காற்றுப் புகாத டப்பாவில், ஏனென்றால் உங்கள் ஊர் ஈரம் எதையும் விட்டுவைக்காது. வருடத்துக்கு ஒரு தடவையாவது சொருகிப் பாருங்கள்.

உங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில், 1899-ல் தொடங்கியது, நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்த கண்ணாடித் தகடுகளையும் ஃபிலிம்களையும் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் ஏற்றிவிட்டார்கள், ஆனால் தகடுகளைத் தூக்கிப் போடவில்லை, அதுதான் விவரம். பேரக் குழந்தை படத்தில் நல்லதாக ஐம்பது எடுத்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். குன்னூர்க்காரர் ஒருவர் இதே பக்கத்தில் புது கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார், அவருக்கும் வேலை கிடைக்கும்.

கேள்வி: கூகுள் மேப் வந்த பிறகு வழி கேட்க ஆள் இல்லை, இ-பாஸ் வந்த பிறகு வண்டியும் குறைவு. டெக்னாலஜி எங்கள் தொழிலை முடித்துவிட்டதா அண்ணே?
(டாக்சி டிரைவர், ஊட்டி)

பதில்: இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் தம்பி. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு வந்த இ-பாஸ் ஐகோர்ட் உத்தரவு. அடுத்த வருடம் நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் போட்டது. சொந்தக் காரில் வருகிறவர் குறைந்தால் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறவருக்கு உங்கள் வண்டி வேண்டும், ஸ்டாண்டு சங்கத்தில் கூடி மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏற்றிவர ஏற்பாடு செய்யப் பாருங்கள்.

மேப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2024 ஜனவரியில் கூடலூரில் அதை நம்பி ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். மசினகுடிக்குக் கிட்டத்து வழி என்று கல்லட்டியைக் காட்டும், 36 கொண்டை ஊசி வளைவு, கீழே இறங்க வெளியூர் வண்டிக்கு அனுமதி இல்லை என்பது செக்போஸ்டில் திருப்பி அனுப்பும்போதுதான் வந்தவருக்குத் தெரியும். உங்கள் விசிட்டிங் கார்டில் நீலகிரி வண்டி என்று காட்டுகிற டிஎன் 43-ஐப் பெரிதாகப் போட்டு, செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் ஒரு கட்டு கொடுத்து வையுங்கள்.