ஹை டீக்கு, அதாவது பலகாரத்தோடு தரும் தேநீர் விருந்துக்கு, ஒரு சிறிய தேநீரகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். முறை தெரியாமல் போனால் சிரிப்பார்களா?

சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை. உங்களை அழைத்தவர் பதவியில் பெரியவர் என்றும், பலகாரத்தைவிட அவருடைய பார்வையே உங்களை அதிகம் உறுத்துகிறது என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் போனது ஐந்தாறு மேசைகளே கொண்ட இடம். ஒன்றுக்கொன்று சோடி சேராத பூப்போட்ட கோப்பைகளும், கெண்டி ஆறாமலிருக்கக் கம்பளி நூலில் பின்னிப் போர்த்திய உறையும் பார்த்தவுடனே பிடித்துவிட்டன. தேநீர்க் கெண்டியுடன் இன்னொரு சிறிய கெண்டியும் வந்தது. மூடியைத் திறந்தால் வெறும் வெந்நீர். கோப்பையை அலசத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி, சிறிது ஊற்றிச் சுழற்றிவிட்டு, கொட்ட இடமில்லாமல் கோப்பையும் கையுமாக விழித்தேன். அழைத்துச் சென்ற மேலதிகாரி, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்து, "ஹை டீ என்பது பிரபுக்களின் பழக்கம், தம்பி. நமக்கெல்லாம் பழகினால்தான் வரும்" என்றார்.

கடையை நடத்திய அம்மையார் ஒன்றும் சொல்லாமல் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். "இதில் கொட்டுங்கள். பீங்கானைச் சூடாக்கிவிட்டு ஊற்றினால் தேநீர் சீக்கிரம் ஆறாது, நாங்களும் கெண்டியை அப்படித்தான் சூடாக்குகிறோம்" என்றவர், மீதி வெந்நீர் எதற்கு என்பதையும் சொன்னார். இலை கெண்டிக்குள்ளேயே கிடப்பதால், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் பதமாக இருக்கும் தேநீர், இரண்டாவது கோப்பைக்குள் கறுத்து, துவர்ப்பேறி, நாக்கைப் பிடிக்கத் தொடங்கிவிடும். அப்போது நீர்க்கச் செய்துகொள்ளத்தான் அந்த வெந்நீர். ஆறு நிமிடம் ஊற வேண்டும் என்று 1980இல் வந்த ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரநிலையே சொல்கிறதே என்று யாராவது வாதத்துக்கு வரக்கூடும். அது தேயிலைகளைச் சுவைத்து ஒப்பிடுபவர்களுக்காக வகுத்த முறை, உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பவர்களுக்கானது அன்று.

பிரபுக்கள் கதையைப் பின்னர் தேடிப் படித்தேன். மூன்றடுக்குத் தட்டில் பலகாரம் வைத்துத் தருவதன் பழைய பெயர் பிற்பகல் தேநீர். மதிய உணவுக்கும் நேரம் கழித்து உண்ணும் இரவு உணவுக்கும் இடையே பசி தாங்காமல் அதை வழக்கமாக்கியவர் என்று பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா மரியாவைச் சொல்கிறார்கள். காலம் 1840ஐ ஒட்டியது. ஹை டீயோ, பிரிட்டனின் தொழிலாளர் வீடுகளில் வேலை முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டு மேசையில் ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டியுடன் தேநீரும் வைத்து உண்ட மாலைச் சாப்பாடு. அதாவது என் மேலதிகாரி எந்தப் பெயரைச் சொல்லி என்னை மட்டம் தட்டினாரோ, அது உழைத்துக் களைத்தவர்களின் சொல். ஆனாலும் இன்று பல இடங்களில் பிற்பகல் தேநீருக்கே அந்தப் பெயர் வழங்குவதால், நீங்கள் போகும் இடத்தில் யாரையும் திருத்தப் புறப்படாதீர்கள்.

முறை என்று பயப்படும் அளவுக்கு அங்கே அதிகமில்லை. கீழ்த்தட்டில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்னும் சிறிய உருண்டை ரொட்டி, மேலே கேக் வகைகள் என்று அடுக்கியிருந்தால், கீழிருந்து மேலே போகலாம்; இனிப்பில் தொடங்கிவிட்டால் வெள்ளரிக்காய் சாண்ட்விச் சப்பென்று ஆகிவிடும் என்பதைத் தவிர இதில் பெரிய தத்துவம் இல்லை. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல், இடுப்பில் விட்டிருக்கும் வெடிப்பில் விரல் வைத்துப் பிளந்து பாருங்கள்: சூடாக இருந்தால் சொரசொரப்பான உட்புறத்திலிருந்து வெண்ணெய் மணத்தோடு ஆவி எழும், அதில் வைத்த க்ளாட்டட் கிரீம் என்னும் கெட்டிப் பாலேடு ஓரத்தில் மட்டும் இளகும். இங்கிலாந்தின் டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை. அங்கேயே தீராத வழக்கை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. சூடான ஸ்கோனில் நேரே தடவினால் கிரீம் இளகிவிடுவதால், ஜாமை முதலில் தடவுபவர்கள் பக்கம் நான்.

ஒரு தேநீருக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர்கள், பலர் முன்னால் கோப்பையும் கையுமாக ஒருமுறை விழித்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அன்று மேலதிகாரி பேச்சு மும்முரத்தில் தன் கெண்டியை மறந்துவிட்டார். இரண்டாவது கோப்பை கறுப்பாக இறங்கியது. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார், சர்க்கரை போட்டார், மறுபடியும் போட்டார். வெந்நீர்க் கெண்டி அவர் முழங்கைக்கு அருகிலேயே இருந்தது. நானும் அதை நகர்த்தி வைக்கவில்லை.